கையை நீட்டு

அவள் கண்விழித்தபோது இடது கையில் ஒரு கொலை இருந்தது.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே நீல மையில் அவசர அவசரமாக எழுதிய நான்கு வரிகள். விடியற்காலையில் எறும்பு ஊர்வது போல ஒரு கனவு வந்தது இதனால்தான். கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ஆள் மோசம், யோசனை பிரமாதம் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டாள்.

ஆள் வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பா. வாரப் பத்திரிகையில் அவர் எழுதாத வருஷம் கிடையாது. கொலை, கடத்தல், பூட்டிய அறை, பின்னாலிருந்து ஒரு கை... இவற்றை வைத்தே வீட்டு வாடகை கொடுத்து வருகிறவர். தெருவில் அவருக்குத் 'திகிலார்' என்று பெயர். மகளுக்கு அவர் வைத்த பெயர் 'சிலேட்டு'.

பெயர் வந்த கதை இது. திகிலாருக்கு யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வந்த வேகத்தில் அவை பறந்துவிடும். தும்மினால் போச்சு. யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போச்சு. நோட்டு வைத்துப் பார்த்தார், பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார். துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் போட்டார். மனைவி சட்டையோடு சேர்த்துத் துவைத்ததில் ஒரு தொடர்கதையின் உச்சக்கட்டம் கூழாகி வெளியே வந்தது. டேப் ரிக்கார்டர் வாங்கினார். தன் குரலைத் தானே கேட்டு, "யார்றா இவன், மூக்கடைச்சவன்?" என்று மிரண்டு அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். சுவரில் எழுதியதற்கு வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். சொந்தக் கையில் எழுதலாமென்றால் கரடிக்கே பொறாமை வரும் முடி, போதாததற்குக் குழாய் மாதிரி வியர்வை.

ஒருநாள் பஸ்ஸில், பக்கத்தில் ஐந்து வயது மகள். அவருக்கோ நெற்றியில் அடித்தாற்போல் ஒரு யோசனை. காகிதம் இல்லை. குழந்தையின் கையைப் பார்த்தார். வழுவழுவென்று, வெளுத்துப்போய், ஒரு முடிகூட இல்லாத கை.

"கையை நீட்டு."

அவள் நீட்டினாள். மிட்டாய் தரப்போகிறார் என்று நினைத்துத்தான் நீட்டினாள்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழக்கம். நோட்டு போல இது பஸ்ஸில் தொலையாது, கூப்பிட்டால் வரும், தானே நடந்து வீட்டுக்கும் வந்துவிடும். சந்தைக்கும் சலூனுக்கும் பத்திரிகை ஆபீசுக்கும் கூடவே இழுத்துப் போனார். ஒரே ஒரு சட்டம்: அப்பா பார்த்து எழுதிக்கொள்ளும்வரை கையில் தண்ணீர் படக்கூடாது.

ஆறு வயதில் அவள் கையில் 'மாமனார் எழுந்து நடக்கிறார்' என்று எழுதினார். அப்போது ஓடிய தொடரில் பக்கவாதத்தில் படுத்திருந்த மாமனார்தான் கொலைகாரன். வருஷக்கணக்காக நடிப்பு, ராத்திரியில் எழுந்து போய்க் கழுத்தை நெரித்துவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்வான். எழுதிய கையோடு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். டீச்சர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே சத்தமாகப் படித்துக் காட்டினாள். வருஷம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மாமனார்' என்று பெயர். அவள் பெஞ்சை விட்டு எழுந்தாலே போதும், பின்னாலிருந்து கோரஸாக வரும்: "மாமனார் எழுந்து நடக்கிறார்!"

கொஞ்சம் பெரியவளானதும், பள்ளிக்கூட போட்டோவுக்காக ஒருநாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். திகிலார் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"அஞ்சு வாரமா போலீஸ் தேடின கொலைகாரனை, அரை வாளித் தண்ணில கொன்னுட்டியேடி!"

வசனம் நன்றாக அமைந்துவிட்டதால், அதற்குப் பிறகு ஏறிய மேடைகளிலெல்லாம் அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. சிலேட்டு முழுக்கைச் சட்டையோடு மேடை ஓரத்தில் நின்று அந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த வெயிலிலும் அவளுக்கு முழுக்கைதான்.

நீச்சல் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு. தண்ணீருக்கு அடியில் யாரும் பேனாவோடு வரமாட்டார்கள்.

இன்று காலை அவளுக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் தேர்வு. குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. சம்பளம் சுமார். ஆனால் வேலையோடு ஓர் அறை உண்டு. பம்ப் ஓடும் கட்டடத்துக்கு மேலே, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். முக்கியமாக, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். இந்த வீட்டில் அவள் படுப்பது கதவே இல்லாத கூடத்தில். தூங்குகிற கையில் யாரும் எழுத முடியாத ஓர் இடத்துக்காக அவள் எந்த ஆழத்துக்கும் குதிப்பாள்.

அப்பாவின் அறையில் குறட்டை. எழுதி முடித்த நிம்மதியில் மறுபடி படுத்துவிட்டார்.

அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கணவர் எழுதியதில் அவள் ஒரு வரிகூடப் படித்ததில்லை. கேட்டால், "குடும்பம் நடத்துறதே போதும்மா, படிக்க வேற செய்யணுமா?" என்பாள்.

"எழுதிட்டாரா?"

"எழுதிட்டார்."

"இன்னிக்குக் கடைசி அத்தியாயம் குடுக்கணுமாம்டி. சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்களாம். எழுப்பட்டுமா? பார்த்து எழுதிக்கட்டும், அப்புறம் போ."

"எழுந்தா உடனே விடுவாரா? இது சரியில்ல, அழி, வேற எழுதறேன்னு உட்கார வெச்சுடுவார். எனக்கு நேரமாச்சும்மா. நாலே வரிதான், மனப்பாடமா இருக்கு. மத்தியானம் வந்து ஒப்பிக்கறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன். பார்த்துப் போ."

அவள் போன கொஞ்ச நேரத்தில் திகிலார் எழுந்தார். எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, யோசனையை நினைத்துப் பார்த்தது. இல்லை. அலமாரியைத் திறந்தால் வெறும் பலகை. பிரமாதமான யோசனை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"சிலேட்டு! கையை நீட்டு!"

"அவ குளத்துக்குப் போயிட்டாங்க. தேர்வு. நாலு வரியும் மனப்பாடமா இருக்காம், வந்து சொல்றாளாம்."

திகிலார் வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"குளத்துக்கா? அது இங்க்டி! தண்ணி பட்டா போயிடும்!"

"அதான் ஞாபகம் இருக்குங்கறாளே."

"அது சிலேட்டுடி. சிலேட்டுக்கு ஏதுடி ஞாபகம்?"

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. இந்தத் தொடர் சும்மா முடியக்கூடிய தொடரில்லை. கூட்டுக் குடும்பம், பணக்கார முதலாளி, விஷம் வைத்துக் கொலை, சந்தேகம் எல்லார் மேலும். போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'முடிவு உங்கள் பழைய சரக்காக இருக்குமோ?' சூட்டோடு சூடாகப் பதில் எழுதியிருந்தார் திகிலார்: 'என் பழைய கதையின் வாடை ஒரு வரியில் அடித்தாலும் அன்றோடு பேனாவை மூடிவிடுகிறேன். இது சவால்!' பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் தன் பழைய கதைகள் எதுவும் அவருக்கு ஞாபகம் கிடையாது. அச்சான கதையைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர் பெருமை. "குடிச்ச காபியை மறுபடி குடிக்கிறவன் நான் இல்லை" என்பார்.

பேன்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். மூக்குக்கண்ணாடி மேஜை மேலேயே கிடந்தது.

குளத்தில் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் குழந்தைகளுக்கு. ஆழமான பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கண்காணிப்பாளர். தொப்பை, விசில், பிளாஸ்டிக் செருப்பு. நீந்திக் காட்டச் சொன்னபோது சிலேட்டு எல்லோரையும் முந்தினாள். மிச்சமிருந்தது ஒன்றுதான்: குளத்தின் அடியில் கிடக்கும் ரப்பர் பொம்மையைத் தூக்கிவர வேண்டும். குழந்தையின் எடையில் உள்ளே மணல் அடைத்த பொம்மை. அதன் முகம் தண்ணீரில் அமுங்காமல் கரைவரை கொண்டுவந்து ஏற்றிவிட்டால் வேலை.

அவள் மூழ்கினாள். பொம்மையோடு மேலே வந்தாள். மல்லாந்து, அதன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காலை மட்டும் அடித்து நீந்தினாள். கண்காணிப்பாளர் பக்கத்திலிருந்த எழுத்தரிடம், "இந்தப் பொண்ணுதான்யா" என்றார். அது அவள் காதில் விழுந்தது. கரை, கை எட்டும் தூரம்.

"சிலேட்டு! கையைத் தூக்குடி! நனையாதே!"

தண்ணீரில் இருப்பவளைப் பார்த்து நனையாதே என்ற அந்த மனிதரைக் குளமே திரும்பிப் பார்த்தது. திகிலார் செருப்புக் காலோடு கரைக்கு ஓடிவந்து, மண்டி போட்டு, அவள் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"அப்பா விடுங்க! பொம்மை, பொம்மை இருக்குப்பா!"

"பொம்மை கிடக்குது, காட்டுடி கையை!"

பொம்மை நழுவியது. முகம் கீழே போக, ஒரே ஒரு குமிழி விட்டு அடிக்குப் போனது.

அவர் அவள் கையைக் கண்ணருகே கொண்டுபோனார். முழங்கையிலிருந்து நீலமாக ஒரு சொட்டு இறங்கி அவர் சட்டைக் கையில் விழுந்தது. கையில் ஒன்றுமே இல்லை. ஒரு நிமிஷம் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால், ஈரக் கன்னத்தில் அறைந்தார். ஈரத்தில் சத்தம் கூடுதலாகக் கேட்டது.

"கழுவிட்டியேடி பாவி! என் பொழப்பைக் கழுவிட்டியே!"

தேர்வுக்கு வந்து வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். கோபம் இல்லை, அலுப்புதான்.

"பொம்மையை விட்டுட்டியேம்மா."

"சார், எங்கப்பா இழுத்ததாலதான் சார். இன்னொரு தடவை..."

"நிஜக் குழந்தையா இருந்தா இன்னொரு தடவை உண்டா? அதோட, ஒவ்வொரு கிளாஸுக்கும் உங்கப்பாவும் கூட வருவாரா?"

வரிசையே சிரித்தது. துண்டால் வாயைப் பொத்திய பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அறையும், தாழ்ப்பாளும்.

கிளம்பும்போது கண்காணிப்பாளர் இரக்கப்பட்டுக் கூப்பிட்டார். "துண்டு குடுக்கற கவுன்ட்டர்ல ஒரு ஆள் வேணும். ரூம் கிடையாது. ஆனா ஒரு வசதி, நனையவே வேண்டாம்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவள் சரி என்றாள்.

மத்தியானம். கூடத்தில் அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். திகிலார் அறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. வெள்ளைத் தாள் மேஜையில் அப்படியே இருந்தது. கடைசியில் அவள் எதிரே வந்து, இதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தார். தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா."

அவள் நிமிரவில்லை. 'ஏம்மா' என்று அவர் கூப்பிட்டு அவளுக்கு ஞாபகமே இல்லை.

"காலையில என்னமோ மனப்பாடம்னு சொன்னியாமே, அம்மா சொன்னா. அடிச்சதை மனசுல வெச்சுக்காதே. கோபத்துல கை நீண்டுடுச்சு. யோசிச்சுப் பாரேன். ஒரு வார்த்தை ஞாபகம் வந்தாலும் போதும், நான் பிடிச்சுக்குவேன்."

அவளுக்கு நான்கு வரியும் நன்றாக ஞாபகம் இருந்தது. அது மட்டுமில்லை, பஸ்ஸில் எழுதிய முதல் வரியிலிருந்து அத்தனையும் ஞாபகம் இருந்தது. தண்ணீர் தோலைத்தான் கழுவும்.

"மங்கலாத்தான் ஞாபகம் வருது."

"சொல்லு, சொல்லு!"

"இந்தத் தொடர்ல படுத்த படுக்கையா ஒரு பெரியவர் வர்றாரா?"

"முதலாளியோட மாமனார்! பக்கவாதம். ஆமா! சும்மா பக்கம் நிரப்பறதுக்குப் போட்டேன்."

அவள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மாமனார் எழுந்து நடக்கிறார்."

சமையலறையில் அம்மா கையிலிருந்த தட்டு ஒரு கணம் நின்றது. பிறகு குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வீடே நிறைந்தது.

திகிலார் தொடையில் தட்டினார். "அட! அட! அதான்டி! படுத்திருக்கறவன் மேல யாருக்குடி சந்தேகம் வரும்? நடிப்பு! வருஷக்கணக்கா நடிப்பு! அப்பப்பா, விடியற்காலையில எனக்கு எப்படித்தான் தோணிச்சோ!" எழுந்து ஓடினார். வாசற்படியில் நின்று திரும்பி, "பார்த்தியா, உன் சிலேட்டு என் யோசனையைக் காப்பாத்திடுச்சு!" என்று மனைவியிடம் கத்தினார். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

சாயங்காலம் ஆபீஸ் ஆள் வருவதற்குள் அத்தியாயம் தயார். 'எவனும் எழுதாத முடிவு' என்று மேலே அவரே தலைப்புக் கொடுத்தார்.

இதழ் கடைக்கு வந்த அன்றே டெலிபோன் அடித்தது. பாராட்டு என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டார், மகளும் கேட்கட்டும் என்று. ஆசிரியர் புதிதாக வந்த இளைஞர், மரியாதையான குரல்.

"சார், எங்க ஆபீஸ்ல போன் ரிசீவரைக் கீழே வைக்க முடியலை. அந்தக் காலத்துல உங்க தொடரைக் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருக்கிற வாசகர்கள் எத்தனை பேர் இருக்காங்கன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது."

"எந்தத் தொடர்?"

"மாமனார் எழுந்து நடக்கிற தொடர் சார். அதே பக்கவாதம், அதே கட்டில். ஒருத்தர் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி நேர்லயே கொண்டாந்து குடுத்துட்டுப் போனார். உங்க சவாலையும் கட்டத்தோட வெட்டி, நடுவுல ஒட்டியிருக்கார்."

திகிலார் போன் மேல் குனிந்தார்.

"உங்க... உங்க ஆபீஸ்ல யாருமே பார்க்கலையா?"

"பிழை திருத்தறவர் பார்த்தாராம் சார், ரொம்ப வருஷமா இருக்கறவர். படிச்ச மாதிரி இருக்கேன்னு தோணிச்சாம். ஆனா போன வருஷம் உங்க கதையில ஒரு வார்த்தையை மாத்தினதுக்கு, கமா போடற கூலிக்காரனுக்குக் கதையில என்ன வேலைன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்களாம். அதனால கமா மட்டும் போட்டுட்டுக் குடுத்துட்டாராம்."

அதற்கு மேல் ஆசிரியர் சொன்னது சுருக்கம். அடுத்த தொடர் வேறொருவர் எழுதுகிறார். சவால் சவால்தான், வாசகர்கள் விடமாட்டார்கள். "ஓய்வெடுங்க சார்" என்று முடித்தார்.

கொஞ்ச காலம் திகிலார் வெளியே போகவில்லை. ஜன்னல் வழியே யாராவது, "என்ன திகிலாரே, மாமனார் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் ஜன்னலைச் சாத்துவார். மறுநாள் அதே கேள்வி கதவு வழியாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவுன்ட்டர் வேலையிலிருந்து வந்த மகளை அவர் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் நாலு நாள் தாடி.

"உண்மையைச் சொல்லு. அன்னிக்கு என்ன எழுதினேன்?"

"ஞாபகம் இருக்குப்பா. ஆனா சொன்னா மறந்துடுவீங்களே." அவள் பையிலிருந்து ஒரு தடித்த கறுப்புப் பேனா எடுத்தாள். "கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். மிட்டாய்க்கு நீட்டுவது போலவே நீட்டினார்.

அவள் பேனாவை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். "முடி தடுக்குது."

அதுவரை சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற அம்மா உள்ளே போனாள். சவர சாமான்களையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

"ஏய், நீ என்னடி?" என்றார் திகிலார்.

"ஒண்ணுமில்லை. அந்த மாமனாரைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினது யாருன்னு நினைச்சீங்க? ஆறு வயசுக் கை. தோல் உரிஞ்சுது. எழுத்து போச்சு, பேர் போகலை." கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "அன்னிக்கு இவ சொன்னப்பவே தெரியும் எனக்கு."

சிலேட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, நுரை கலக்கிக்கொண்டிருந்தாள்.

கை வழுவழுவென்று வெளுத்து வந்தது. அவள் துடைத்துக் காயவைத்து, பெரிய பெரிய எழுத்தாக, அவர் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி நான்கு வரிகள் எழுதினாள்.

*ஒருத்தர் இல்லை, வீட்டில் எல்லாரும்.*
*விஷம் ஆளுக்குக் கொஞ்சம்.*
*ஒருத்தர் வைத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது.*
*சாகட்டும் என்று யாரும் நினைக்கவில்லை.*

அவர் படித்தார். உதடு அசைந்தது. முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

"பிரமாதம்! ஐயோ, என்ன பிரமாதம்! இதையா நான்... இதைப் போட்டிருந்தா... எங்கே என் பேனா?" பாதி எழுந்தவர், போய் எழுத எந்தப் பத்திரிகையும் இல்லை என்பது நினைவுக்கு வந்து, அப்படியே உட்கார்ந்தார்.

அவள் பேனாவை மூடினாள். "இது மிதவைப் பலகைல நம்பர் போடற பேனாப்பா. குளோரின் தண்ணிலயே வருஷக்கணக்கா போகாது. இனிமே நீங்க மறக்கவே மாட்டீங்க."

திகிலார் குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டார், சாம்பல் போட்டார், மண்ணெண்ணெய் போட்டார். தோல் சிவந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

மறுநாள் சிகரெட் வாங்க வெளியே வந்தவரைத் தெருமுனை கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன திகிலாரே, கொளுத்துற வெயில்ல முழுக்கைச் சட்டை?"